கொள்ளுக்குப் போன பேரு: பன்னிக்குட்டி கொரோனாவுக்கு மருந்து டெஸ்ட் பண்ணும்போது நடக்குற தப்புகள்

போன வருஷம் அழகர் மலைக்குத் திரும்பி ஒரு வாரம் இருக்கும், வெயில் மண்டையப் பொளக்குது, நம்ம ஊர்ப் பக்கம் காலேஜ் ஒண்ணுல பயோடெக் ஆராய்ச்சி பண்ற தம்பி ஒருத்தன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தான். "அண்ணே, கொள்ளுல மருந்து இருக்குண்ணே, வைரஸ் நூறு மடங்கு குறைஞ்சிருச்சு"ன்னான். பன்னிக்குட்டிக்குக் கழிச்சல் கொண்டு வர்ற பி.இ.டி.ங்கற கொரோனா வைரஸ் இருக்குல்ல, அதை வெளியூர் லேப் ஒண்ணுல வீரோங்கற குரங்குக் கிட்னி செல்லுல வளர்த்து, அது மேல கொள்ளுச் சாறை ஊத்திப் பார்த்திருக்கான். கிராஃப் எல்லாம் படிக்கட்டு மாதிரி அழகா இறங்குது. இளைச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு கேட்டிருக்கேன், கழிஞ்சவனுக்கும் கொள்ளுதானான்னு கேட்டுட்டு, டிரிப்சின் எவ்வளவு போட்டேன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அங்கதான் கதை மாறிருச்சு.

நான் பதினஞ்சு வருஷம் வைரஸ் வளர்க்குற லேப்ல டெக்னீஷியனா இருந்துட்டு மதுரைக்கு வந்து உக்காந்தவன். பேப்பர்ல என் பேரு வராது, பிளேட்டு எல்லாம் நான் போட்டது. அதனாலயோ என்னவோ, வேலை பார்த்தவன் ஒருத்தன் பேர் வாங்குறவன் இன்னொருத்தன்கிற விஷயம் எனக்கு டக்குன்னு கண்ணுல படும். இந்த மருந்து டெஸ்ட்ல நடக்குற தப்புல முக்கால்வாசி அதேதான், வேற ஏதோ ஒண்ணு பார்த்த வேலைக்கு மருந்துக்குப் பேரு போயிரும்.

கொள்ளு விஷயத்துல என்னன்னா, பி.இ.டி. வைரஸ் வீரோ செல்லுல ஒழுங்கா வளரணும்னா மீடியத்துல, அதாவது செல்லு வளர்ற தண்ணியில, டிரிப்சின்ங்கற புரதம் வெட்டுற என்சைம் வேணும். பன்னிக்குடல்ல அந்த என்சைம் தானாவே நெறைய இருக்கு, பிளாஸ்டிக் பிளேட்டுல நாமதான் ஊத்தணும். இந்த வைரஸை 1978ல பெல்ஜியத்துல கண்டுபிடிச்சுட்டாங்க, ஆனா டிரிப்சின் சேர்த்து வீரோல நல்லபடியா வளர்த்தது 1988லதான், அவ்வளவு படுத்துச்சு. சரி, கொள்ளுல என்ன இருக்கு? டிரிப்சினைப் பிடிச்சு நிறுத்துற புரதம் இருக்கு. பயறு வகை பூராவுக்கும் இந்தக் குணம் உண்டு, சோயா, மொச்சை, கொள்ளு எல்லாம் ஒரே குடும்பம்தான. அப்ப கொள்ளுச்சாறு வைரஸை ஒண்ணுமே பண்ணாம டிரிப்சினை மட்டும் கட்டிப் போட்டாலும் வைரஸ் குறையத்தான் செய்யும்.

தம்பி நம்பல. மறுநாள் தெரிஞ்ச லேப்ல ரெண்டு டியூப் வச்சோம். பாப்னான்னு ஒரு பொருள் இருக்கு, டிரிப்சின் அதை வெட்டுனா மஞ்சளா மாறும். ஒண்ணுல டிரிப்சின் மட்டும், இன்னொண்ணுல டிரிப்சினோட கொள்ளுச்சாறு. பத்து நிமிஷத்துல முதல் டியூப் எலுமிச்சை ஜூஸ் கணக்கா மஞ்சள். ரெண்டாவது போட்டபடியே கெடக்கு, அரை மணி நேரம் கழிச்சும் மஞ்சளே வரல. தம்பி முகத்தைப் பார்க்கவே முடியல, டீ வாங்கிக் குடுத்தேன். கொதிக்க வச்சா போயிருமான்னு கேட்டான், கொள்ளுல இருக்குற இந்த ரகம் சூடு தாங்கும், சும்மா ஒரு கொதி விட்டா சாகாது. இதே மாதிரி இன்னொண்ணு, வைரஸ் ஊத்துறதுக்கு முன்னாடி செல்லை நல்லாக் கழுவாம பழைய மீடியத்துல இருந்த சீரம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் டிரிப்சின் அடங்கிரும், அந்த கிணறுல, பிளேட்டுல இருக்குற சின்னக் குழியைத்தான் கிணறுன்னு சொல்றேன், வைரஸ் வளராது, அது மருந்து போட்ட கிணறா இருந்துட்டா மருந்துக்கு ஜே. டிரிப்சின் கூடிப் போனா நேர் எதிர், செல்லு எல்லாம் தட்டுல இருந்து உரிஞ்சு மிதக்கும், அதை வைரஸ் பண்ணுன சேதம்னு எழுதிருவாங்க. வைரஸ் இல்லாம, மருந்து இல்லாம, டிரிப்சின் மட்டும் போட்ட கிணறு ஒண்ணு ஒவ்வொரு பிளேட்டுலயும் இல்லேன்னா அந்த பிளேட்டை நான் பார்க்க மாட்டேன்.

இங்க ஒண்ணு சொல்லிர்றேன், பன்னிக்கு வர்ற குடல் கொரோனா ஒண்ணு இல்ல. டி.ஜி.இ. பழசு, 1946ல அமெரிக்காவுல எழுதி வச்சது. பி.இ.டி. 1971ல இங்கிலாந்துல தலைகாட்டுனது, 2010க்கு அப்புறம் சீனாவுல கொடூரமாகி 2013ல அமெரிக்காவுக்குள்ள போயி ஒரே வருஷத்துல லட்சக்கணக்குல குட்டிகளைக் கொன்னுச்சு. பன்னி டெல்டா கொரோனாவை (கோவிட் டெல்டா இல்ல, இது வேற) 2012ல ஹாங்காங்க்காரங்க சொன்னாங்க. சாட்ஸ்ங்கறது 2016, 2017ல குவாங்டாங்ல வவ்வால் வழியா வந்து கிட்டத்தட்ட 25,000 குட்டியைச் சாகடிச்சது. நாலுலயும் குட்டி தண்ணியா கழியும், வாந்தி எடுக்கும், பார்த்தா ஒண்ணு மாதிரியே இருக்கும், உள்ள போயிப் பார்த்தா பூட்டு வேற சாவி வேற.

பூட்டுன்னு சொன்னது சும்மா இல்ல. குடல் செல்லு மேல அமினோபெப்டிடேஸ்-N அப்படின்னு ஒரு புரதம் இருக்கு, டி.ஜி.இ. அதைப் பிடிச்சுத்தான் உள்ள நுழையும். பி.இ.டி.யும் அப்படித்தான்னு ரொம்ப நாளா எல்லாரும் எழுதிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அந்த ஜீனையே எடுத்துட்டு பன்னி வளர்த்துப் பார்த்தா, 2019ல வந்த ரிசல்ட், டி.ஜி.இ. அந்தப் பன்னியை ஒண்ணும் பண்ண முடியல, பி.இ.டி. ஜாலியா தொத்திக்கிருச்சு. அதுக்கப்புறமும் "பி.இ.டி. நுழையுற அமினோபெப்டிடேஸைத் தடுக்குறோம்"னு புராஜெக்ட் எழுதிக்கிட்டு வர்றாங்க. பழைய ரிவ்யூ கட்டுரையைப் பார்த்து எழுதுனா அப்படித்தான் ஆகும்.

டாக்கிங், அதாவது மருந்து வைரஸ் புரதத்துல ஒட்டுமான்னு கம்ப்யூட்டர்ல பொருத்திப் பார்க்குறது, அதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை, நம்ம பக்கத்துப் புள்ளைங்க நெறையப் பேரு அதுலதான் ஆரம்பிக்கிறாங்க, செலவு இல்ல, கரண்ட் இருந்தாப் போதும். டி.ஜி.இ. வைரஸோட மெயின் புரோட்டியேஸ் (வைரஸ் தன் புரதத்தை வெட்டிக்கிற என்சைம்) வடிவம் 2002லயே வந்துருச்சு, கொரோனா குடும்பத்துலயே முதல்ல வந்தது அதுதான். அதுல நிலவேம்பு, மஞ்சள், துளசின்னு வரிசையா மாட்டி, மைனஸ் ஒன்பது வந்துச்சு மைனஸ் பத்து வந்துச்சுன்னு சந்தோஷப்படுறாங்க. அது கம்ப்யூட்டர் போட்ட மார்க்கு, அம்புட்டுதான். ஜி.சி. 376ன்னு ஒரு மருந்து இருக்கு, பூனைக் கொரோனாவுல குடுத்துப் பார்த்தது, டி.ஜி.இ., பி.இ.டி. புரோட்டியேஸையும் லேப்ல நிஜமாவே தடுக்கும். அதை உங்க டாக்கிங்ல போட்டு எவ்வளவு வருதுன்னு முதல்ல பாருங்க, அதோட பக்கத்துல சம்பந்தமே இல்லாத நாலு பொருளையும் போடுங்க. அதுக்கும் மைனஸ் ஒன்பது வந்துச்சுன்னா மேற்கொண்டு பேச வேணாம்.

செல்லுக்கு வருவோம். வீரோ செல்லு ஆப்பிரிக்கக் குரங்கோட கிட்னில இருந்து வந்தது, பன்னியும் இல்ல, குடலும் இல்ல. வைரஸை எதிர்க்க செல்லு சுரக்குற இன்டர்ஃபெரான் அதுல சுரக்காது, அதனாலதான் வைரஸ் வளர்க்க சௌகரியம். ஆனா உடம்போட எதிர்ப்பைத் தூண்டி விட்டு வேலை செய்யுற மருந்தா இருந்தா வீரோல அது பூஜ்யமாத்தான் தெரியும், நல்ல மருந்துக்குக் கெட்ட பேரு. ரெம்டெசிவிருக்கும் அதே கதிதான், வீரோ செல்லு அதைச் சரியா மாத்தி எடுத்துக்காது, அதனால பலம் கம்மியாக் காட்டும். எதிர்ப்பக்கம் குளோரோகுயின், 2020ல ஊரே பார்த்த கூத்து, வீரோல கோவிட் வைரஸை அடக்குச்சு, மனுச நுரையீரல் செல்லுல வச்சுப் பார்த்தா ஒண்ணும் இல்ல, ஏன்னா அங்க வைரஸ் நுழையுற வாசலே வேற. டி.ஜி.இ.க்கு பன்னி விதையில இருந்து வந்த எஸ்.டி. செல்லு இருக்கு, டெல்டாவுக்கு பன்னிக் கிட்னி செல்லு இருக்கு, பன்னிக்குடல்ல இருந்து வந்த ஐபெக் ஜே2 இருக்கு, வசதி இருந்தா குடல் ஆர்கனாய்டு, அதாவது குட்டிக் குடல் மாதிரி செல் உருண்டை, வளர்க்கலாம். ரெண்டு வகை செல்லுல ஒத்து வந்தா அப்புறம் வாயத் தொறங்க.

குளோரோகுயின் மாதிரி கொழுப்போட ஒட்டுற, காரத்தன்மை உள்ள மருந்துங்க கூட இன்னொரு தொல்லை, செல்லுக்குள்ள கொழுப்பு மூட்டை மூட்டையா தேங்கிரும், அந்தக் களேபரத்துலயே வைரஸ் குறையும். 2021ல இதைத் தெளிவாவே காமிச்சுட்டாங்க, நெறைய பழைய மருந்து கொரோனாவுக்குக் கேட்குதுன்னு வந்ததெல்லாம் இந்த வகைதான்னு. அது உடம்புல உதவாது.

செல்லு செத்துப் போனாலும் வைரஸ் குறையும், இது எல்லாருக்கும் தெரியும், அதான் எம்.டி.டி. டெஸ்ட் பண்றாங்க, உயிரோட இருக்குற செல்லு அந்த மஞ்சள் நிறச் சாயத்தை ஊதாவா மாத்தும். ஆனா நாட்டு மருந்துச் சாறு பண்றவங்க கவனிக்காத ஒண்ணு, குர்குமின், குவர்செட்டின், இன்னும் பல ஆன்டிஆக்சிடன்ட் சமாச்சாரம் எல்லாம் செல்லே இல்லாத வெறும் கிணறுலயும் அதை ஊதாவாக்கிரும். செல்லு செத்துக் கெடக்கும், மிஷின் தொண்ணூறு பர்சன்ட் உயிரோட இருக்குன்னு சொல்லும். செல் போடாம சாறு மட்டும் ஊத்துன கிணறு வைக்கணும், மைக்ராஸ்கோப்ல கண்ணால ஒரு தடவை பார்க்கணும். பாதி செல்லைக் கொல்லுற அளவை பாதி வைரஸைக் குறைக்குற அளவால வகுத்தா வர்ற நம்பர் பத்துக்குக் கீழ இருந்தா நான் சந்தேகப்படுவேன். டி.எம்.எஸ்.ஓ.ங்கற கரைப்பான்ல கரைச்ச மருந்துன்னா கன்ட்ரோல் (மருந்து போடாம ஒப்பிடுறதுக்கு வைக்கிற) கிணறுலயும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. இருக்கணும், இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கு.

அப்புறம் டைட்டர், அதாவது உயிரோட இருக்குற வைரஸ் எவ்வளவுன்னு, பார்க்கும்போது, மருந்து ஊத்துன கிணறுல இருந்து எடுத்த தண்ணியில மருந்தும் சேர்ந்தே வரும். அதை அப்படியே புது செல்லு மேல போட்டு நீர்க்க நீர்க்க எண்ணுனா, முதல் ரெண்டு மூணு கிணறுல மருந்துதான் வேலை பார்த்துக்கிட்டு இருக்கும். எத்தனை தடவை நீர்த்தா மருந்து செத்துப் போகும்னு கணக்குப் போட்டு அதுக்குக் கீழ மட்டும் படிங்க. பி.சி.ஆர். மட்டும் பண்ணிட்டு முடிக்கிறதும் தப்புதான், அது செத்த வைரஸோட ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து எண்ணும்.

அடுத்தது அளவு. நம்ம பண்ணைக்காரங்க எல்லாருக்கும் ஐவர்மெக்டின் ஊசி தெரியும், சொறிக்கும் புழுவுக்கும் போடுறது, பன்னிக்கு ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். 2020ல அது கொரோனாவைக் கொல்லுதுன்னு வந்த லேப் ரிசல்ட் 5 மைக்ரோமோலார்ல பார்த்தது. மூலக்கூறு எடை சுமார் 875, பெருக்கிப் பாருங்க, ஒரு மில்லிக்கு 4,375 நானோகிராம். ஊசி போட்ட பன்னி ரத்தத்துல ஏறுறது சில பத்து நானோகிராம்தான். நூறு மடங்கு வித்தியாசம். இந்த ஒரு பெருக்கலைப் போடாம "வீட்டுல இருக்குற மருந்தே போதும்"னு ஒருத்தர் மேடையில பேசுனதை நான் உக்காந்து கேட்டிருக்கேன், எந்திரிச்சுப் போகவும் முடியல. வைரஸ் தன் ஜீனை நகல் எடுக்கும்போது தப்பா எழுத வைக்கிற ரிபாவிரினும் இப்படித்தான் அடிக்கடி வரும், கொரோனா வைரஸ்கிட்ட தப்பா எழுதுனதை அழிச்சுத் திருத்துற என்சைம் ஒண்ணு இருக்குங்கறதை மறந்துட்டு.

இப்ப குட்டிக்கு வர்றேன், இங்கதான் ஏமாறுறதுக்கு ஏகப்பட்ட வாசல். செக்கானூரணிப் பக்கம் என் மச்சான் ஒருத்தன் வெண்பன்னி வளர்க்குறான், இருபது தாய்ப்பன்னி, டவுன் ஓட்டல்ல மிஞ்சுற சோறு சாம்பாரை டிரம்முல புடிச்சு குட்டியானையில ஏத்திக்கிட்டுப் போயி கொதிக்க வச்சுப் போடுவான். ஒரு தடவை குட்டிக எல்லாம் மஞ்சத் தண்ணியா கழியுதுன்னு போன் பண்ணுனான். கடைக்காரர் குடுத்த ஏதோ பொடியை குளுக்கோஸ் தண்ணியில கலக்கி ஊத்துனானாம், நாலு நாள்ல முக்கால்வாசிக் குட்டி எந்திரிச்சிருச்சு, "மச்சான், பொடி அருமையான பொடிடா"ன்னான். பொடி இல்லாம வெறும் குளுக்கோஸ் தண்ணி எத்தனை குட்டிக்கு ஊத்துனேன்னு கேட்டேன், லூசாடா நீன்னு வச்சுட்டான். பண்ணைக்காரன் அப்படித்தான் சொல்வான், அவன் குட்டியைக் காப்பாத்த வந்தவன், நிரூபிக்க வந்தவன் இல்ல. ஆனா ஆராய்ச்சி பண்றவனும் அதையே பண்றான். மருந்துக் குட்டிக்கு குளுக்கோஸ்ல கரைச்சு ரெண்டு வேளை ஊத்திட்டு கன்ட்ரோல் குட்டியைச் சும்மா விட்டா, பொழைக்க வச்சது தண்ணியும் சர்க்கரையும். பிறந்த குட்டி கழிச்சல்ல சாகுறது பெரும்பாலும் தண்ணி வத்தித்தான. எதுல கரைச்சீங்களோ அதே தண்ணி, அதே அளவு, அதே நேரம் கன்ட்ரோலுக்கும் ஊத்தணும், தூக்கிப் பிடிச்சு வாயத் தொறக்குற இம்சை உட்பட.

அது என்ன நோய்னு மச்சான் டெஸ்ட் பண்ணவே இல்ல. ரோட்டா வைரஸ், ஈகோலை, கிளாஸ்ட்ரிடியம், ஒரு வாரம் தாண்டுன குட்டின்னா காக்சிடியா, எதுவா வேணும்னாலும் இருந்திருக்கும். நீங்க டெஸ்ட்ல நாமளே வைரஸைத் தொத்த வைக்கிறோமேன்னு நெனைப்பீங்க, கூட வேற ஒண்ணு சவாரி பண்ணிக்கிட்டு இருந்தா மருந்து அதுக்குக் கேட்டுச்சா வைரஸுக்குக் கேட்டுச்சான்னு எப்படிச் சொல்லுவீங்க.

குட்டியோட வயசு ரொம்ப முக்கியம். ஒரு வாரத்துக்குள்ள இருக்குற குட்டிக்கு குடல் விரலிழைல (குடலோட உள்பக்கம் விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குறது) இருக்குற செல்லு புதுசா முளைச்சு வர அஞ்சு முதல் ஏழு நாள் ஆகும், பால் மறந்த குட்டிக்கு ரெண்டு மூணு நாள்தான். அதனாலதான் சின்னது செத்துரும், பெருசு ரெண்டு நாள் கழிஞ்சுட்டு தானா எந்திரிச்சிரும். நாலு வாரக் குட்டியில மருந்து டெஸ்ட் பண்ணுனா, ஜலதோஷம் மருந்து சாப்பிட்டா ஏழு நாள் சாப்பிடாட்டி ஒரு வாரம்னு சொல்லுவோம்ல, அந்தக் கதைதான். லேப்ல நூறு தடவை மாத்தி மாத்தி வளர்த்து பலம் போன வைரஸைக் குடுத்தாலும் அதே கூத்து, நோயே வராது, மருந்து ஜெயிச்சிரும்.

தாய்ப்பன்னியை மறக்குறது அடுத்த பெரிய தப்பு. சீம்பால்ல எதிர்ப்புப் பொருள் இருந்தா அந்த ஈத்துக் குட்டி எல்லாம் பாதி தப்பிச்சிரும். இதுல இன்னொரு சிக்கல், டி.ஜி.இ.க்கு ஒரு தம்பி உண்டு, மூச்சுக்குழாயில வர்ற ரகம், 1984ல பெல்ஜியத்துல கண்டது, பெருசா நோவு காட்டாது. அது வந்துட்டுப் போன பண்ணைன்னா தாய் ரத்தத்துல டி.ஜி.இ.யையும் தடுக்குற ஆன்டிபாடி இருக்கும், யாருக்கும் தெரியாது. ரெண்டு தாய்ப்பன்னி வாங்கி, ஒண்ணோட பத்துக் குட்டிக்கு மருந்து, இன்னொண்ணோட பத்துக் குட்டி கன்ட்ரோல்னு வச்சா, பேப்பர்ல பத்துக்குப் பத்துன்னு எழுதலாம், உண்மையில அது ஒண்ணுக்கு ஒண்ணு. நீங்க மருந்தை ஒப்பிடல, ரெண்டு ஆத்தாவை ஒப்பிடுறீங்க. நாலஞ்சு ஈத்துல இருந்து குட்டி எடுத்து, எடை பார்த்து, ஒவ்வொரு ஈத்தும் ரெண்டு பக்கமும் வர்ற மாதிரி சீட்டுக் குலுக்கிப் பிரிக்கணும். சரின்னு பிரிச்சுட்டு எல்லாத்தையும் ஒரே கூண்டுல விட்டா, கன்ட்ரோல் குட்டி பீயில வைரஸ் கொட்டும், மருந்துக் குட்டி அதை நக்கும், மருந்துக் குட்டி துப்புன மருந்தை மத்தது நக்கும். அதனால கூண்டும் தனி, ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கு மேல கூண்டு, கணக்குப் பண்ணும்போது கூண்டைத்தான் எண்ணணும்.

சாணிக்கு மார்க் போடுறவனுக்கு எந்தக் குட்டி எதுன்னு தெரியக் கூடாது. பூஜ்யத்துல இருந்து மூணு வரைக்கும் மார்க்கு, ஒண்ணா ரெண்டான்னு தயங்குற இடத்துல நம்ம கை தானாவே மருந்துக் குட்டி பக்கம் சாயும், நானே சாஞ்சிருக்கேன். பி.சி.ஆர்.க்கு எடுக்குற கழிச்சல்ல தண்ணி எவ்வளவுன்னும் பாருங்க, ரெண்டு மடங்கு நீர்த்தாலே சி.டி. (பி.சி.ஆர். குடுக்குற நம்பர், கூடுனா வைரஸ் கம்மின்னு அர்த்தம்) ஒண்ணு கூடிரும், வைரஸ் குறையாமலே குறைஞ்ச மாதிரி இருக்கும். காய வச்சு எடை போட்டா தெரிஞ்சிரும்.

எப்ப மருந்து குடுக்குறீங்கன்னு தெளிவா எழுதுங்க. வைரஸ் குடுக்குறதுக்கு முன்னாடி நாளே ஆரம்பிச்சா அது தடுப்பு. பண்ணையில ஆளு பார்க்குறது குட்டி கழிஞ்சதுக்கு அப்புறம், அதுக்குள்ள விரலிழை எல்லாம் மொட்டையாகிக் கெடக்கும்.

அந்த விரலிழையைப் பார்க்குறதுல நம்ம ஊருக்குன்னே ஒரு தொல்லை இருக்கு. நல்ல குட்டியில விரலிழை உயரம் கீழ இருக்குற குழியைப் போல ஏழு மடங்கு வரை இருக்கும், நோய் வந்தா மூணுக்குக் கீழ போயிரும், அதான் அளவுகோல். மச்சான் பண்ணையில ஒரு குட்டி செத்தப்ப நான்தான் பெரிய மனுஷனா அறுத்து குடல் எடுத்துக் குடுக்குறேன்னு போனேன். போயிச் சேரவே ஒண்ணரை மணி நேரம், மே மாசம், தகரக் கூரை. ஃபார்மலின்ல போட்டு அனுப்பி, ஒரு வாரம் கழிச்சு வந்த ரிப்போர்ட்ல ஒரே வரி, அழுகிப் போச்சு படிக்க முடியாது. குடல் செத்த நிமிஷத்துல இருந்தே தன்னைத் தானே கரைக்க ஆரம்பிச்சிரும், அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள ஃபார்மலின்ல விழணும். டெஸ்ட்ல என்ன நடக்கும்னா, மருந்துக் குட்டியை ஆசையா முதல்ல அறுப்பாங்க, கன்ட்ரோல் குட்டி மதியம் ரெண்டு மணி வரைக்கும் மேஜையில கெடக்கும். அப்புறம் பார்த்தா கன்ட்ரோல்ல விரலிழையே இல்ல, வைரஸ் தின்னுருச்சுன்னு எழுதுவாங்க. தின்னது மதுரை வெயில். ஒண்ணு மருந்து ஒண்ணு கன்ட்ரோல்னு மாத்தி மாத்தி, கருணைக்கொலை பண்ணுன உடனே, எல்லாத்துலயும் குடலோட அதே இடத்துல இருந்து எடுங்க.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம குட்டியைத் தொடாதீங்க, அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. பலபேருக்குத் தெரியாதது வேற. மனுஷனுக்குன்னே ஒதுக்கி வச்ச மருந்துப் பட்டியல் ஒண்ணை 2022ல ஐரோப்பிய யூனியன் போட்டுருச்சு, ரிபாவிரின், ஃபேவிபிராவிர், மோல்னுபிராவிர், நிடாசாக்சனைட் எல்லாம் அதுல இருக்கு, கால்நடைக்கு அங்க தொடக் கூடாது. சீனாவுல கோழிக்கு அமன்டடினை அள்ளிக் கொட்டி ஃப்ளூ வைரஸ் பழகிப் போயி 2005ல தடை போட்டாங்க. மூணு வருஷம் உழைச்சு நிடாசாக்சனைட் வேலை செய்யுதுன்னு நிரூபிச்சாலும் அந்தக் கறியை அங்க யாரும் வாங்க மாட்டாங்க, புராஜெக்ட் எழுதுறதுக்கு முன்னாடியே அந்தப் பட்டியலைப் பார்த்துருங்க.

தம்பி விடல. "அண்ணே, டிரிப்சினைத் தடுத்தா வைரஸ் வளரலைல்ல, அப்ப குடல்லயும் டிரிப்சினையே தடுத்தா என்ன"ன்னு கேட்டான், புத்திசாலிப் பய. சீம்பால்லயே டிரிப்சின் தடுப்பான் இருக்கு, எதிர்ப்புப் பொருள் செரிச்சுப் போகாம குட்டி உடம்புல சேரணும்னு ஆத்தா குடுத்து அனுப்புறது. ஆனா அது ஒண்ணு ரெண்டு நாள் சமாச்சாரம். அதுக்கப்புறம் பாலைச் செரிக்க குட்டிக்கு டிரிப்சின் வேணும், நாள் பூரா சுரந்துக்கிட்டே இருக்கும், அதை முழுசா அடைக்கிற அளவுக்குக் கொள்ளைக் குடுத்தா செரிக்காமலே குட்டி வத்திப் போகும். இப்ப எஸ்.டி. செல்லுல டிரிப்சின் தேவைப்படாத டி.ஜி.இ.யை வச்சு திரும்பப் பண்ணிட்டான், மூணு தடவை பார்த்தாச்சு, கொள்ளு ஒண்ணும் பண்ணல. அவங்க அம்மா குடுத்துவிட்ட கொள்ளு ரெண்டு கிலோ மிச்சம் எங்க வீட்டுலதான் இருக்கு, வாரத்துக்கு ரெண்டு நாள் ரசம்.